பிடியரிசிப் பள்ளிக்கூடம்

அரிசி அளந்துகொண்டிருந்தேன். தகர டப்பாவில் அது விழும் சத்தம் என்னை சுரங்கக் கூலிகளின் வரிசை வீடுகளான எங்கள் லைனில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனது. அம்மா உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தகர டப்பாவில் போட்டு வைப்பாள். லைன் வீடுகள் எல்லாம் அப்படிச் சேர்த்த அரிசிதான் வாத்தியாருக்குச் சம்பளம். பிறகு சர்க்கார் பணம் வந்தது. ஆனால் இன்ஸ்பெக்டர் முன்னால் பிள்ளைகள் பிழையில்லாமல் படித்துக் காட்டினால்தான்.

"ஞானத்த நாளைக்கு அனுப்பாதீங்கம்மா, திக்குவா," என்றார் வாத்தியார், இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள், என் அக்காவைக் காட்டி.

"எங்க அரிசிய துன்னறப்போ இவ திக்குனது கேக்கலியா வாத்தியாரே?" என்றாள் அம்மா.

அதன்பிறகு அக்கா பள்ளிக்கூடம் போகவே இல்லை.

வாசலில் என் மகள் குதித்துக்கொண்டு வந்தாள்.

"அ...அம்மா, நாளைக்கு இ...இ...இன்ஸ்பெக்டர் வராராம். எனக்கு மட்டும் லீவு!"