ஒவ்வொரு பேக்கேஜுக்கும் தனி ஸ்கிரிப்ட்

கோட்டுச்சேரியில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் பிரெஞ்சுக் காலத்துப் பத்திரங்களைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுப்பவர். அவர் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தது நான்தான். எழுதுவதற்கு ஒரு எடிட்டர். அதில் தமிழுக்கு ஒரு துணை நிரல், பிரெஞ்சு எழுத்துகளுக்கு இன்னொன்று. இப்படிப்பட்ட துணை நிரல்களை யாரும் எளிதாக நிறுவும்படி பேக்கேஜாகக் கட்டித் தருவது, சம்பளமில்லாமல் நான் செய்துவந்த வேலை.

ஒரு நாள் காலையில் போன் செய்தார்.

"தம்பி, நேத்து அப்டேட் கேட்டுச்சு, சரின்னு கொடுத்தேன். இப்ப எடிட்டரே தொறக்க மாட்டேங்குது. பத்திரம் வாங்க ஆள் வந்து உக்காந்திருக்காங்க."

தலத்தெருவிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். அதற்குள் வந்தவர் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அக்கா முதல் பக்கத்திலிருந்து கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

பிரெஞ்சு எழுத்துகள் புதிய பதிப்பில் எடிட்டருக்குள்ளேயே வந்துவிட்டதால், அந்தத் துணை நிரலை நீக்கியிருந்தார்கள். எடிட்டர் திறக்கும்போது அந்த நிரலை அழைக்கும் தொடக்கக் கோப்பையும் சேர்த்து அழிக்க வேண்டிய ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகள் எழுதிய சிறு கோப்பு, அதை அழிக்கவில்லை. இல்லாத நிரலைத் தேடித் தேடி எடிட்டர் நின்றுபோனது. மிச்சமிருந்த கோப்பை அழித்ததும் திறந்துகொண்டது. அந்த ஸ்கிரிப்டை எழுதியது யார் என்று பார்த்தேன். என் பெயர் இருந்தது.

முகம் எரிந்தது. யோசித்து எழுதியதில்லை அது. வேறொருவர் பேக்கேஜிலிருந்து எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியது. அவரும் இன்னொருவரிடமிருந்து எடுத்தவர். ஒவ்வொரு துணை நிரலுக்கும் நிறுவ ஒரு ஸ்கிரிப்ட், நீக்க ஒரு ஸ்கிரிப்ட். அத்தனையிலும் ஒரே பிழை.

"யாரு செஞ்ச தப்பு தம்பி?"

"நான் செஞ்சதுதான் அக்கா."

"அப்ப என்னோடத மட்டும் சரி பண்ணிட்டு விட்டுடாதீங்க."

வீடு திரும்பியதும் பேக்கேஜ் கட்டுபவர்களின் மின்னஞ்சல் குழுவில் எழுதினேன்: துணை நிரல் தன் கோப்புகளை ஓரிடத்தில் வைத்தால் போதும், நிறுவுவதையும் நீக்குவதையும் பொதுவான ஒரே கருவி பார்த்துக்கொள்ளட்டும். மூத்தவர் ஒருவர் பதில் போட்டார். இத்தனை காலம் ஒழுங்காக ஓடுகிறதாம். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் தனி ஸ்கிரிப்ட் எழுதச் சொல்லும் விதிகளைப் படிக்காதவர்கள்தான் தவறு செய்கிறார்களாம்.

விதிகளை நான் வரி விடாமல் படித்திருந்தேன். "படித்தவனையே தவறு செய்ய வைக்கும் விதி யாருக்காக? உங்கள் ஒழுங்கால் ஒரு மொழிபெயர்ப்பாளரின் அன்றைய வேலை போயிற்று" என்று எழுதினேன். இன்னும் கடுமையாகவும் எழுதினேன். அதற்காக வருந்தவில்லை.

வாதம் முடிகிற வழியாக இல்லை. கருவியை நானே எழுதி, முதலில் என் பேக்கேஜ்களின் ஸ்கிரிப்டுகளை எல்லாம் அழித்தேன். எதுவும் உடையவில்லை. குழுவிலிருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் தன்னுடையதையும் மாற்றினார், பிறகு பலர். கடைசியில் அதுவே விதியாயிற்று. அந்த மூத்தவரும் தவறை ஒப்புக்கொண்டு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் மாற்றிக்கொண்டார். அந்த மௌனத்தின் மீது எனக்கு இன்னமும் கோபம்தான்.