ஒக்சோனின் சக்களத்தி

மிகீத்தே மெதுவாகப் பேசி எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. ரகசியம் என்று நினைத்துக்கொண்டு அவன் சொல்வது கடைத்தெரு வரைக்கும் கேட்கும். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவன் ஓட்டும் பழைய ராணுவ லாரிக்கு இன்ஜின் மூக்கில் இல்லை. உள்ளே, ஓட்டுகிறவனுக்கும் பக்கத்தில் உட்காருகிறவனுக்கும் நடுவில் இருக்கிறது. பாதி ஆயுளை அதன் பக்கத்தில் கழித்தவன் சாப்பாட்டில் உப்புக் கேட்டாலும் கத்தித்தான் கேட்பான்.

பக்கத்து வீட்டுக்காரன் என்கிற முறையில் எனக்கு இன்னொரு பாக்கியமும் உண்டு. குளிர் முற்றிவிட்டால் எங்கள் பக்கம் யாரும் இன்ஜினை அணைப்பதில்லை. அணைத்தால் எண்ணெய் தார் மாதிரி இறுகிவிடும், அப்புறம் வசந்தம் வரைக்கும் வண்டி ஒரு கொட்டகைதான். ஆனால் மிகீத்தே முதல் பனி விழுந்த அன்றே கிளப்பிவிடுவான், கடைசிப் பனி உருகும் வரை அணைக்க மாட்டான். அது இரவெல்லாம் என் ஜன்னலுக்குக் கீழே உறுமிக்கொண்டிருக்கும். புகையில் என் வீட்டுப் பூனையே இருமும்.

அவன் மனைவி ஒக்சோன் அந்த லாரியைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. ராணுவ முகாமை மூடிய வருஷம் அதை வாங்கி வந்தான். வந்த முதல் குளிர்காலத்திலேயே, அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த குதிரைத்தோல் கம்பளத்தை எடுத்து இன்ஜினுக்குப் போர்த்திவிட்டான். அதை அவள் இன்றுவரை மறக்கவில்லை. விருந்துக்குப் போன இடத்தில் கம்பளத்தைக் கண்டால் போதும், "எனக்கும் ஒண்ணு இருந்துச்சு, இளையவளுக்குக் குடுத்துட்டாரு" என்பாள்.

போன குளிர்காலத்தில் ஒக்சோன் முழங்கால் வீங்கிப் படுத்த படுக்கையாகிவிட்டாள். அவள் கட்டிலில் கிடக்க, அவன் லாரிக்கு அடியில் கிடந்தான். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் முதல் வேலையாக அவனை அடுப்புக்கு முன்னால் நிறுத்தி வாக்கு வாங்கினாள். வழியில் ஒரே ஒரு தடவை வண்டி நின்றுவிட்டாலும் மறுநாளே அதை விற்றுவிட வேண்டும். மிகீத்தே உடனே சம்மதித்தான். நிற்கவே நிற்காது என்று அவ்வளவு நம்பிக்கை. பெருமையடித்துக்கொண்டு ஊர் முழுக்க அவனே சொல்லிவிட்டதால் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இந்த வருஷம் நவம்பர் முடிவதற்குள் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரியைத் தொட்டுவிட்டது. அதற்காக ஊர் ஏரிக்கு வலைபோடப் போகாமல் இருக்க முடியுமா? சோபோ மீன் இல்லாமல் எங்களுக்குக் குளிர்காலம் ஓடாது. வலையும் கடப்பாறையும் இரும்பு அடுப்பும் ஆட்களும் மிகீத்தேயின் லாரிக் கூண்டில் ஏறினோம். ஒக்சோனும் வந்தாள். பனிக்கட்டிமேல் நிற்கிற ஒவ்வொருவருக்கும் மீனில் சமபங்கு என்பது எங்கள் வழக்கம். கைக்குழந்தை நின்றாலும் உண்டு. வீட்டில் இருந்தால் கிடையாது. லாரிக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று மிகீத்தே வருஷா வருஷம் கேட்பான். வலைக்குத் தலைவரான பெரியவர் புயோத்தூர், அது மீன் தின்பதைக் காட்டினால் தருகிறேன் என்று வருஷா வருஷம் சொல்வார்.

லாரியைக் கரையில் நிறுத்துவதுதான் வழக்கம். அன்றைக்கு மிகீத்தே அதை ஏரிக்கு நடுவே, வலை இறக்கும் பெரிய துளைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினான். ஏன் என்று கேட்டால், குளிர் அதிகம், எல்லோரும் அடிக்கடி கூண்டில் ஏறிக் காய்ந்துகொள்ளலாமே என்றான். நியாயமாகத்தான் பட்டது. புயோத்தூர் நெருப்பு மூட்டி, அதில் வெண்ணெய் தடவிய அப்பத்தைப் படையலாகப் போட்டு, ஏரியைக் கும்பிட்டார். வேலையை ஆரம்பித்தோம்.

முதல் இழுப்பில் களையும் சேறும் வந்தன. இரண்டாவதில் களை மட்டும் வந்தது, சேறு கூட இல்லை. மீசையெல்லாம் வெள்ளையாகி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். மூன்றாவது தடவை வலை பனிக்கட்டிக்கு அடியில் பாதி தூரம் போயிருந்தபோது புயோத்தூர் மண்டிபோட்டு, தொப்பியின் காதுமூடியைத் தூக்கிவிட்டு, பனிக்கட்டியில் காதை வைத்துக் கேட்டார். எழுந்து நேராக மிகீத்தேயிடம் போனார்.

"உன் வண்டி நடுங்குறது அடிவரைக்கும் போகுதுடா. மீனெல்லாம் சேத்துக்குள்ள பூந்துகிச்சு."

கரைக்கு ஓட்டிப் போகிறேன் என்றான் மிகீத்தே. இப்போது நகர்த்தினால் மிச்சமிருப்பதும் ஓடிவிடும் என்றார் பெரியவர். இனி செய்ய வேண்டியது ஒன்றுதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒக்சோன் கயிற்றைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அணைத்தால் திரும்பக் கிளம்பாது. கிளம்பாவிட்டால் வாக்கு இருக்கிறது. அணைக்காவிட்டால் ஊருக்கு மீன் இல்லை.

மிகீத்தே ஏறி உள்ளே உட்கார்ந்தான். இன்ஜின் நின்றது.

அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. விடும் மூச்சு காற்றில் உறைந்து சரசரத்தது. மீன் கலையக்கூடாது என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் மிகீத்தே தன் லாரியிடம் ரகசியம் பேச ஆரம்பித்தான். தினமும் பேசுவான் போலிருக்கிறது. இத்தனை வருஷமும் இன்ஜின் சத்தத்தில் அமுங்கிப் போயிருக்கிறது. இன்றைக்கு ஏரி முழுக்கக் கேட்டது. அந்த மனுஷனுக்கு அது தெரியவே இல்லை.

"கோவிச்சுக்காதே தாயி. செத்த நேரம் கண்ண மூடிக்க. கரையிலயே நிறுத்தியிருப்பேன். கெழவி அந்த முட்டிய வச்சுக்கிட்டு அவ்ளோ தூரம் நடக்கணுமே. குளிர்காய வண்டி பக்கத்துல வேணும்னு அவ வாயைத் தொறந்து கேப்பாளா? செத்தாலும் கேக்க மாட்டா. அவ உன்னைச் சாக்கா வச்சுத் திட்டுறது என்னைத்தான், உன்னையில்ல. அவள வீடு கொண்டுபோய்ச் சேத்துடு. அப்புறம் உன்னை வித்தாலும் எனக்குச் சரிதான்."

நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்து பனியில் எதையோ தொலைத்தவர்கள் போல நின்றோம். ஒக்சோன் பக்கம் திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. 

வலை கனத்து வந்தது. இன்ஜின் நின்றதால்தான் வந்ததா, மூன்றாவது இழுப்பு நல்ல இழுப்பாக அமைந்ததா, சத்தியமாக எனக்குத் தெரியாது. இழுக்க இழுக்க முடிவே இல்லை. முழுவதும் மேலே ஏறுவதற்குள் சூரியன் காட்டுமேல் உட்கார்ந்துவிட்டது. பொன் நிறத்தில் கொட்டிய சோபோ துள்ளுவதற்குள் விறைத்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட பிறகுதான் லாரியின் நினைவு வந்தது.

சாவியைத் திருப்பினான். ஒரு முனகல் கூட இல்லை. பேட்டரியைக் கழற்றிக் கூண்டுக்குள் அடுப்போரம் வைத்தோம். எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் தட்டில் கங்கு அள்ளி வைத்தோம். சுற்றிலும் தார்ப்பாயால் பாவாடை கட்டினோம். எல்லாச் சூடும் மேலே போய்க் கரைந்தது. இன்ஜினை மூட அந்தக் குதிரைத்தோல் கம்பளம் போதவில்லை, ஓட்டை விழுந்து பழசாகியிருந்தது. மிகீத்தே யார் முகத்தையும் பார்க்காமல் கைப்பிடியைப் போட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தான். எனக்குப் பாவமாக இருந்தது. என் தூக்கத்தைக் கெடுத்த வண்டிக்காக நானே ஏரியைக் கும்பிட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஒக்சோன் நொண்டி நொண்டி வந்தாள். நரித்தோல் கழுத்துப்பட்டை வைத்த தன் மேலங்கியைக் கழற்றினாள். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் தவிர அலமாரியைவிட்டு எடுக்காத அங்கி, அன்றைய குளிருக்குப் பயந்து போட்டு வந்திருந்தாள். அதை இன்ஜின்மேல் விரித்து, ஓரங்களைக் குழந்தைக்குச் செருகுவது போலச் செருகிவிட்டு, வெறும் கம்பளிச் சட்டையோடு கூண்டுக்குள் போய் அடுப்பருகே உட்கார்ந்துகொண்டாள்.  அதைப் பார்த்த மற்றப் பெண்களும் சால்வைகளை அவிழ்த்துக் கொண்டுவந்து போட்டார்கள்.

வெகுநேரம் கழித்து லாரி ஒரு தடவை தும்மியது. பிறகு இருமியது. பிறகு பழையபடி உறுமத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் மகிழ்ந்தது அதுதான் முதல் தடவை.

மீனைக் குவியல் குவியலாகப் பிரித்தார்கள். ஒருவர் முதுகைக் காட்டி நிற்க, இன்னொருவர் குவியலைத் தொட்டு யாருக்கு என்று கேட்பார். திரும்பிப் பார்க்காமல் பெயர் சொல்ல வேண்டும். யாரும் சண்டை போட முடியாது. அன்று ஒக்சோனைப் பெயர் சொல்ல நிறுத்தினார்கள். எண்ணெய் வாசம் வீசும் அங்கியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றாள். மிகீத்தே அவள் பின்னால் வந்து நின்று வழக்கமான குரலில் அறிவித்தான்.

"நின்னு போச்சு, கெழவி. குடுத்த வாக்கு குடுத்ததுதான்."

"அது எங்க நின்னுச்சு?" என்றாள் அவள், திரும்பாமல். "நீயில்ல நிறுத்துன."

  பங்கு பிரிப்பது தொடர்ந்தது. அவள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். எல்லோருக்கும் முடிந்தபின் ஒரு குவியல் மிஞ்சியது. புயோத்தூர் எண்ணிப் பார்த்துக் குழம்பினார், அல்லது குழம்பியது போல நடித்தார். கிழவர் அந்த விஷயத்தில் கில்லாடி. கம்பால் அதைத் தொட்டு, யாருக்கு என்று கேட்டார்.

"என் சக்களத்திக்கு."

கூண்டில் ஏறப் போனவள் நின்றாள். யோசித்துவிட்டு முன்பக்கம் போய், இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் உட்காராத அந்த இருக்கையில், இன்ஜினுக்கு மறுபக்கம், ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்துவதற்கு முன் அவள் புருஷனிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தில் அவளும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இனிமே எனக்கும் கேக்குற மாதிரி பேசு."