சத்தம் போடாத வண்டி

மாவும் சர்க்கரையும் அடுக்கும் அந்தக் கிடங்கில் அவரைக் கொம்பன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபோர்க்லிஃப்டின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கொம்புகளோடு பத்தொன்பது வருஷம் மல்லுக்கட்டியதில் வந்த பெயர். அதற்கு முன் ஆறு வருஷம் அங்கேயே மூட்டை சுமந்தவர். ஒருநாள் டிரைவர் வரவில்லை. "நான் ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று ஏறி உட்கார்ந்தவர் பிறகு இறங்கவே இல்லை.

அவர் மனைவிக்கும் அங்கேதான் வேலை, பேக்கிங்கில். மூடிய கூரைக்குள் டீசல் வண்டி கக்கும் புகையில் அவளுக்கு விடாத இருமல். அங்கிருந்த எட்டுப் பெண்களில் ஐந்து பேருக்கு அதே கதை. இதற்கிடையில் ஒரு ரொட்டிக் கம்பெனிக்காரர், மாவில் டீசல் வாடை அடிக்கிறது என்று ஒரு லாரி சரக்கை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். கரண்ட் வண்டி வாங்குவது என்று முதலாளியம்மா அன்றைக்கே முடிவெடுத்தார். அப்பா போன பிறகு பொறுப்பை எடுத்துக்கொண்டவர், கொம்பனைவிடப் பத்து வயது சின்னவர்.

"ஓட்டப்போறது நீங்கதான். நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணே."

இருபத்தைந்து வருஷத்தில் அங்கே யாரும் அவரைக் கேட்டு எதையும் வாங்கியதில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு ரேக்குகளுக்கு நடுவே இருந்த வழிகளை அளக்கப் போய்விட்டார்.

முதலில் வந்தது மூன்று சக்கர வண்டி. பம்பரம் மாதிரி நின்ற இடத்திலேயே திரும்பியது. முதலாளியம்மாவுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

"எவ்வளவு தூக்கும்?" என்று கொம்பன் கேட்டார்.

"ரெண்டு டன் சார்," என்றார் விற்க வந்தவர்.

"எந்த உயரத்துக்கு?"

அவர் கையிலிருந்த விளம்பரத் தாளைப் புரட்டினார். கொம்பன் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த, எடை அளவு பொறித்த தகட்டைக் குனிந்து படித்தார். மேல் தட்டு உயரத்துக்குப் போனால் தொள்ளாயிரம் கிலோதான். இவர்களுடைய ஒரு அடுக்கு மாவு ஆயிரத்து இருநூறு.

"மேல கொண்டுபோனா பின்னாடி சக்கரம் எழும்பிடும்மா. இது நமக்கு ஒத்துவராது."

அடுத்த வாரம் வேறு கம்பெனியிலிருந்து நாலு சக்கர வண்டி வந்தது. தகட்டில் கணக்கு சரியாக இருந்தது. டீ குடிக்கிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். ஒருநாள் முழுக்க ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

பதினோரு மணி இருக்கும். மூட்டை இல்லாமல் மூன்றாவது வழியில் வந்துகொண்டிருந்தார். ரேக் முனையிலிருந்து ஒருத்தி பெட்டியை இழுத்தபடி பின்னோக்கி நடந்து வந்தாள். பிரேக்கை அழுத்தினார். கொம்பு அவள் குதிகாலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவருடைய மனைவி.

அவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்க வந்ததே தெரியலையேங்க."

கொம்பன் சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினார். இறங்கி ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். ஓடி வந்த முதலாளியம்மா, "வேண்டாம்ணே, பழசே இருக்கட்டும்," என்றார்.

பதில் சொன்னது மனைவிதான். "அந்தப் புகைக்கு இது தேவலாம்மா. வர்றது தெரியணும், அவ்வளவுதான்."

கொம்பன் தண்ணீர் குடித்துவிட்டு யோசித்துச் சொன்னார். "இதையே வாங்கலாம். முன்னாலயும் பின்னாலயும் தரையில நீல வெளிச்சம் விழற மாதிரி விளக்கு வேணும். ரிவர்ஸ்ல மணி அடிக்கணும். ஆளுங்க நடக்கறதுக்குத் தனியா மஞ்சள் கோடு போடணும். அப்புறம், மூணாவது வழி பத்தாது. ரேக்கை ஒரு முழம் தள்ளணும்."

"ஒரு வண்டிக்காக ரேக்கையே நகர்த்தணுமா?"

"தள்ளலைன்னா என்னைக்காவது வண்டி தள்ளிடும்மா."

முதலாளியம்மா அரைமனதோடுதான் சம்மதித்தார். மூட்டைகளை இறக்கி, ரேக்கைக் கழற்றி மாட்டி, திரும்ப ஏற்ற நாலு நாள் ஆனது. டீசல் வண்டியை ஒரு கல் பட்டறைக்காரர் விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார்.

மழைக்காலம் முடிவதற்குள் பேக்கிங் பெண்களுக்கு இருமல் பெரும்பாலும் விட்டுப்போயிற்று. ஒருத்திக்கு மட்டும் நிற்கவில்லை, அது ஆஸ்துமா என்றார் டாக்டர். ரொட்டிக் கம்பெனிக்காரர் மறுபடி மாவு கேட்டு ஆள் அனுப்பினார்.

கொம்பனுக்குத்தான் ஒரு பழக்கம் போகவில்லை. எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகின தொண்டை.

"எதுக்குங்க இப்படிக் கத்துறீங்க, நான் பக்கத்துலதானே நிக்கிறேன்?" என்றாள் மனைவி.

குரல் இறங்க இரண்டு மாதம் பிடித்தது.