கிணத்தடியிலை கவசக்காரர்

கரவெட்டியிலை தனுஷிகாவைத் தெரியாத பொம்பிளையள் குறைவு. நெல்லியடியிலை பொம்பிளையளுக்கு ஸ்கூட்டி பழக்கிறவள் அவள்தான். பின்சீற்றிலை இருந்துகொண்டு, பிறேக்கைப் பிடி, கண்ணை மூடாதை எண்டு அவள் போடுற சத்தம் சந்தை மட்டும் கேக்கும். வாய் அப்பிடி. ஆனால் அவளட்டைப் பழகினவை ஒருத்தரும் கை கால் முறிச்சதாக் கேள்விப்படேல்லை, அதையும் சொல்லத்தானே வேணும்.

உந்த வாயாலைதான் அக்காவோடையும் கொழுவினவள்.

சீதனமாக் கிடைச்ச ஒரே வளவைப் பிரிச்சு, அக்கா றொசாந்தி ஒரு பக்கம், இவள் மற்றப் பக்கம். நடுவிலை மதில். மதில் முடியிற இடத்திலை ரெண்டு வீட்டுக்கும் பொதுவா ஒரு பங்குக் கிணறு. போன கோடையிலை இவளின்ரை மனுசன் பிரணவன் பெரிய மோட்டர் ஒண்டை வாங்கிப் பூட்டினான். அது இழுத்த இழுவையிலை கிணறு அடிமட்டத்துக்குப் போய்த் தண்ணி உப்பாப் போச்சு. அக்காவின்ரை வெங்காயமெல்லாம் கருகிப் போச்சு. அக்கா வந்து ஞாயம் கேட்டா. கேட்டதும் ஞாயம்தான். இவள், எங்கடை பங்குத் தண்ணியை நாங்கள் இறைக்கிறம் உங்களுக்கென்ன எண்டு சொல்லிப்போட்டாள். கண்டறியாத மோட்டர்! அக்கா அமைதியான மனுசி. கோபம் வந்தால் சத்தம் வராது, சத்தியம்தான் வரும். இனி உன்ரை வாசற்படியை நான் மிதியன், என்ரை படியை நீயும் மிதியாதை எண்டு கிணத்துக்கட்டிலை கையடிச்சுச் சொல்லிப்போட்டுப் போனா.

அதோடை கதைபேச்சு நிண்டுபோச்சு. ஏதும் சொல்ல வேண்டியிருந்தால் நாய்க்குச் சொல்லுவினம். ஜிம்மி ரெண்டு வீட்டிலையும் சோறு தின்னுற நாய். ஜிம்மி, ஆரோ வாளியை எடுத்த இடத்திலை வைக்கேல்லை எண்டு அக்கா சொல்லுவா. ஜிம்மி, அது ஓட்டை வாளி எண்டு இவள் சொல்லுவாள். அந்தச் சீவனும் ரெண்டு பக்கமும் வாலாட்டும்.

உதெல்லாம் தாங்கலாம். கவசக்காரர் நிண்டுபோனதுதான் தாங்கேலாமல் போச்சு.

கவசக்காரர் எண்டது ஒரு வீடியோ கேம். சண்டை நிண்டிருந்த சமாதானக் காலத்திலை சுவிஸ் மாமா கேம் பெட்டியோடை கொண்டுவந்து தந்தது. அதுக்கு இங்கிலீசிலை ஒரு நீட்டுப் பேர் இருக்கு, அந்த வீட்டிலை அதை ஒருத்தரும் சொல்லுறேல்லை. வேறை கிரகம், கவசம் போட்ட ரெண்டு பேர், எதிரிலை எட்டுக்கால் பிராணியள், சுட்டுக்கொண்டே போகவேணும். ரீவியின்ரை மேல் பாதி அக்காவுக்கு, கீழ்ப் பாதி இவளுக்கு. நிசத்திலை கேட்ட வெடிச்சத்தம் காணாதோ எண்டு அம்மா பேசினா. அக்காதான் மறுமொழி சொன்னவ: "இதிலை செத்த ஆக்கள் எழும்பி வருவினம் அம்மா."

ஓம், அதுதான் அந்த விளையாட்டின்ரை விதி. ஒருத்தி விழுந்தால் மற்றவள் உயிரோடை நிண்டால் காணும், விழுந்தவள் அவளுக்குப் பக்கத்திலையே எழும்புவாள். ரெண்டு பேரும் விழுந்தால்தான் முதல்லை இருந்து துவங்கவேணும்.

ரெண்டாவது பாகம் வந்துது, மூண்டாவது வந்துது. கலியாணம் கட்டிப் பிள்ளையள் பெத்த பிறகும் விடேல்லை. நாலாவது சரியில்லை எண்டு ரெண்டு பேரும் திட்டித் திட்டியே விளையாடி முடிச்சவை. வரவர வானம் வடிவாச்சு, புல்லு அசைஞ்சுது, பிராணியளின்ரை பல்லுக்கூட மினுங்கிச்சுது. உள்ளுக்கை மட்டும் அதே விளையாட்டு. தனுஷிகா கத்திக்கொண்டு முன்னாலை ஓடுவாள். அக்கா பின்னாலை ஒரு மேட்டிலை படுத்திருந்து, தங்கச்சிக்குக் கிட்ட வாறதையெல்லாம் ஒவ்வொரு வெடியாலை விழுத்துவா. இவள் ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்லை. பாக்கத் தேவையிருக்கேல்லை.

இந்த வருசம் அந்த முதலாவதையே புதுசாச் செய்து விட்டினம். தனுஷிகா விடுவாளோ, வாங்கினாள். பக்கத்திலை பிரணவனை இருத்தினாள். அவன் நல்ல மனுசன், ஆனால் கையிலை துவக்கைக் குடுத்தால் மனுசியைத்தான் சுடுறான். தனியப் பாத்தாள். பாலம் மட்டும் போகலாம், அங்காலை கோபுரத்திலை இருந்து சுடுறாங்கள். பின்னாலை ஆள் இல்லாமல் அந்தப் பாலத்தைத் தாண்டேலாது.

ஒரு பின்னேரம் அலுத்துப்போய் ரீவியை நிப்பாட்டிப்போட்டு எழும்பினாள். விளையாட்டின்ரை பாட்டு மட்டும் நிக்கேல்லை. காதைக் குடுத்துக் கேட்டால், மதிலுக்கு அங்காலை இருந்து வருது. பாலத்திலை கால் வைச்ச உடனை வாற அபாயச் சங்கு ஊதிச்சுது. பேந்து வெடி, ஆறுதலா, ஒண்டு, ஒண்டு, ஒண்டு. பேந்து சாகிற சத்தம். திருப்பியும் சங்கு. அக்காவும் அதே பாலத்திலைதான் நிக்கிறா. அவவுக்கு முன்னாலை ஓட ஆளில்லை.

தனுஷிகாவுக்கு முதல் சிரிப்பு வந்துது, பேந்து அழுகை வந்திட்டுது. அவளுக்கு அக்கா வேணும், அவ்வளவுதான். போய்க் கூப்பிடலாம். ஆனால் சத்தியம் பண்ணினால் அக்கா மாறமாட்டா, கோயில் நேர்த்தி ஒண்டு பிந்தினதுக்கே பட்டினி கிடந்த மனுசி. வாசற்படி மிதியன் எண்டெல்லோ சொன்னவ. அப்பதான் இவளுக்குப் பொறி தட்டிச்சுது. கிணத்தடிக்கு ஏது வாசற்படி? அது ரெண்டு பேரின்ரையும்.

அடுத்த நாள் வெயில் தாழ, ரீவியையும் கேம் பெட்டியையும் பிரணவனைக் கொண்டு தூக்குவிச்சு, உடுப்புத் தோய்க்கிற கல்லிலை வைப்பிச்சாள். ரெண்டு பிளாஸ்ரிக் கதிரையும் போட்டாள். இவளின்ரை பக்கத்திலை இருந்தது ஒரேயொரு பிளக், அதிலை மோட்டர். நீட்டு வயர் கொண்டு வாறன் எண்டான் பிரணவன். வேண்டாமெண்டு மோட்டரைக் கழற்றிப்போட்டு ரீவியைக் கொழுவினாள். அதோடை நிண்டாளோ? மோட்டரையும் அடியோடை கழற்று, பழைய சின்னதைப் பூட்டுவம் எண்டாள். அவன் அவளின்ரை முகத்தைப் பாத்துப்போட்டு ஸ்பானரை எடுக்கப் போனான்.

சத்தத்தைக் கூட்டிவிட்டு விளையாடத் துவங்கினாள். மற்றக் கதிரையிலை ஜொய்ஸ்டிக் சும்மா கிடந்துது, திரையிலை அக்காவின்ரை ஆளும் சும்மா நிண்டுது. பாலத்துச் சங்கு ஊதேக்கை அக்கா வந்தா. தண்ணி அள்ள வந்தவவாம், கையிலை அந்த ஓட்டை வாளி. ரீவியைப் பாத்தா, பிளக்கைப் பாத்தா, நிலத்திலை கழண்டு கிடந்த மோட்டரைப் பாத்தா.

"ஜிம்மி, உதென்ன, ஆரோ மோட்டரைக் கழற்றி விட்டிருக்கினம்?"

ஜிம்மிக்கு மறுமொழி சொல்லத் தனுஷிகாவுக்கு வாய் உன்னிச்சுது. சொல்லேல்லை. திரையை விட்டிட்டு அக்காவின்ரை முகத்தைப் பாத்தாள்.

"என்னிலைதான் பிழை அக்கா."

பாத்த அந்த நேரத்துக்குள்ளை கோபுரத்துக்காரர் அவளைச் சுட்டு விழுத்திப்போட்டாங்கள். பிராணியள் எல்லாம் அக்காவின்ரை ஆளைப் பாத்து வரத் துவங்கிச்சுது. அந்த ஆளும் விழுந்தால் எல்லாம் முதல்லை இருந்துதான்.

அக்கா வாளியைக் கைவிட்டா. ஒரே பாய்ச்சலிலை கதிரையிலை இருந்து ஜொய்ஸ்டிக்கைப் பிடிச்சா. ஒரு வெடி. ஆறுதலா இன்னொரு வெடி. தனுஷிகா அக்காவுக்குப் பக்கத்திலை எழும்பினாள்.

"ஓடன்டி தனு," எண்டா அக்கா, ரீவியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நான் பின்னாலை நிக்கிறன்."

தனுஷிகா பாலத்திலை கத்திக்கொண்டு ஓடினாள். ஜிம்மி கொஞ்ச நேரம் நிண்டு பாத்துது. தன்னோடை இனி ஒருத்தரும் கதைக்கப் போறதில்லை எண்டு கண்டுபோட்டு, கழண்டு கிடந்த மோட்டரிலை தலையை வைச்சுப் படுத்திட்டுது.