மத்தியானத்து முதல் அழைப்பு

நெல்லியடியில் உள்ள ஒரு கண் சிகிச்சை நிலையத்தின் கணினிகளையும் தொலைபேசியையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே யார் அழைத்தாலும் முதலில் பதில் சொல்வது ஒரு சேர்வர் கணினி. அழைத்தவரின் எண்ணை அது இணுவிலில் இருக்கும் எங்கள் தலைமை நிலையத்துத் தரவுத்தளத்தில் தேடும். எண் கிடைத்தால், அடுத்த முறை எப்போது வரவேண்டும் என்று சொல்லும். கிடைக்காவிட்டால், "இந்த எண் எங்கள் பதிவில் இல்லை" என்று சொல்லி வைத்துவிடும்.

சில வாரங்களாக அந்தச் சேர்வர் ஒரே பிழைச் செய்தியைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது. தரவுத்தள இணைப்பு அறுந்தது என்று ஒரு வரி. மீண்டும் இணைந்தது என்று அடுத்த வரி. மழைக்காலம் என்பதால் மழையைச் சந்தேகித்தேன். பிறகு மின்வெட்டை. வயரை மாற்றினேன், சேர்வரை நிறுத்தித் திரும்பப் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. தானே அறுந்து தானே இணைகிறதே, யாருக்கு என்ன நட்டம் என்றுதான் இருந்தது.

ஒரு நாள் பருத்தித்துறையிலிருந்து ஒரு அன்ரி பஸ் ஏறி வந்தா. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் வேலை செய்கிறவ. வரவேற்பில் இருந்த பிள்ளை அவவை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"எங்கடை அவரின்ரை பேரை ஏன் வெட்டினியள்?" என்று கேட்டா அன்ரி. குரலை உயர்த்தவில்லை.

கணவருக்கு இங்கேதான் கண் ஒப்பரேசன் நடந்தது. சகோதரரின் செத்தவீடு வந்ததால் ஒரு தடவை காட்ட வரமுடியாமல் போயிற்று. அதற்குப் பிறகு அன்ரி போன் எடுத்தபோதெல்லாம், பதிவில் இல்லை என்றே பதில். பேரை வெட்டிவிட்டார்கள் என்று அவருக்குச் சொல்ல மனமில்லாமல், டொக்டர் வெளிநாடு போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தா.

நான் கணினியில் பார்த்தேன். அவரின் பெயரும் இருந்தது, அவவின் எண்ணும் இருந்தது. அவவின் கைபேசியிலிருந்தே எடுக்கச் சொன்னேன். சேர்வர் ஒழுங்காகப் பதில் சொன்னது.

"இப்ப இருக்கெண்டு சொல்லும்," என்றா. "நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலை எடுக்கிறனான். அப்பத்தான் இல்லையெண்டும். ஒருக்கால் உடனை திருப்பி எடுத்தனான், இருக்கெண்டு சொல்லிச்சுது. அடுத்த நாள் பாத்தால் பிறகும் இல்லை. எதை நம்பிறது, பிள்ளை?"

அந்த "உடனை திருப்பி" என்னைப் பிடித்துக்கொண்டது. மத்தியானத்தில் எங்களுக்கு அழைப்புகள் வருவது மிகக் குறைவு. "அன்ரி, கொஞ்சம் இருப்பியளோ? ஒருத்தரும் எடுக்காத நேரமாப் பாத்து எடுத்துப் பாப்பம்," என்றேன்.

அவ கொண்டுவந்த சோற்றுப் பொதியை அவிழ்த்துச் சாப்பிட்டா. நான் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நல்ல நேரம் ஒரு அழைப்பும் வரவில்லை. கை கழுவி வந்ததும் எடுக்கச் சொன்னேன்.

"இந்த எண் எங்கள் பதிவில் இல்லை."

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. இவ்வளவு நாளும் ஒளித்துத் திரிந்த பிழை கண் முன்னால் வந்து நின்றது. சிரித்தபடி திரும்பினேன். அன்ரியின் கண் நிறைந்திருந்தது. "கேட்டியளே," என்றா. சிரித்ததற்கு வெட்கப்பட்டேன். பேர் பத்திரமாக இருக்கிறது, பிழை எங்கள் பக்கம்தான் என்று விளக்கி, கணவருக்கு அங்கேயே நாள் எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

பின்னேரம் முழுக்க இடைவெளி விட்டு விட்டு அழைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேர அமைதிக்குப் பிறகு எடுத்தால் சரியாக இருந்தது. அமைதி நீண்டால் முதல் அழைப்பு மட்டும் பிழையாகப் போனது. இரண்டு நிலையங்களுக்கும் நடுவில் இருந்த ரவுட்டர், வெகு நேரம் பேச்சில்லாத இணைப்பை முடிந்துபோனதாக எடுத்துக்கொண்டு வெட்டிவிடுகிறது. வெட்டியதை இரண்டு பக்கத்துக்கும் சொல்வதில்லை. சேர்வர் வழி திறந்திருக்கிறது என்று நினைத்துக் கேள்வியை அனுப்பும். பதில் வராது. அதற்குப் பிறகுதான் அது புதிதாக இணையும். அதற்குள் அழைத்தவர் காதில் "இல்லை" விழுந்துவிடும்.

இணைப்பு தூங்கிப்போகாதபடி இடைக்கிடை ஒரு சின்னக் கேள்வியை அனுப்ப வைத்தேன். ஒவ்வொரு தடவையும் தேடுவதற்கு முன்னால் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவும் வைத்தேன். பிழைச் செய்தி நின்றது. ஆனால் வேறொன்று மனதில் கிடந்து குடைந்தது. தேடிப் பார்த்து இல்லை என்பது வேறு, தேடவே முடியாமல் போனது வேறு. இதை முதலில் அமைத்தவர் இரண்டுக்கும் ஒரே பதிலை வைத்துவிட்டார். மூன்றாவதாக ஒரு பதில் வேண்டியிருந்தது.

மின்விசிறியை நிறுத்திவிட்டு வரவேற்புப் பிள்ளையின் குரலைப் பதிய உட்கார்ந்தோம். "தற்போது தகவலைப் பெற முடியவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"இதைக் கேட்டால் சனம் பயந்துபோகும் அக்கா. 'கொஞ்சம் பொறுங்கோ, ஆளிட்டைக் குடுக்கிறம்' எண்டு சொல்லட்டே?"

"அப்ப நீர்தான் எடுத்துக் கதைக்கவேணும்."

"ஓம், கதைக்கிறன்."

அப்படியே பதிந்தோம்.

குறித்த நாளில் அன்ரி கணவரோடு வந்தா. கண் நன்றாக ஆறியிருக்கிறது என்று டொக்டர் சொன்னாராம். வெளியே வந்த கணவர், எந்த மெஷின் தன்னை இல்லையென்று சொன்னது, அதைப் பார்க்கவேண்டும் என்றார். அன்ரி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறா. அலுமாரியைத் திறந்து சேர்வரைக் காட்டினேன். அவர் கிட்டக் குனிந்து அதன் சின்ன வெளிச்சங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உந்தப் பச்சை ஏன் விட்டு விட்டு எரியுது?" என்றார்.

"இணுவிலோடை கதைக்குது, அங்கிள்," என்றேன்.

"என்ன கதைக்குது?"

கதிரையை இழுத்துப் போட்டுச் சொல்லத் தொடங்கினேன்.