தலைமாட்டுப் பலகை

முதலில் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் படிவங்களில் பெயரும் பிறந்த திகதியும்தான். சின்ன ர, பெரிய ற எந்த இடத்தில் வரவேண்டும் என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. பிழை கண்ட இடத்தில் வாசிக்கிறவர்கள் மனதுக்குள் திருத்திக்கொண்டு மேலே போகவும்.

எழுத நினைத்தது கட்டிலின் தலைமாட்டில் பூட்டுகிற ஒரு பலகையைப் பற்றி.

மொன்றியலுக்கு வந்து எனக்குப் பன்னிரண்டு வருடம். வந்ததிலிருந்தே பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இரண்டாம் மாடியில், ஒரு படுக்கையறையும் ஹோலும் உள்ள வீட்டில் இருக்கிறேன். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடித்து அனுப்புகிற இடத்தில் வேலை. நான்கு மணிக்கு எழும்பினால்தான் ஐந்து மணிக்கு அங்கே நிற்கலாம். அந்த நேரத்தில் மெட்ரோ ஓடாது. கூட வேலை செய்யும் மன்னார்க்காரன் ஒருவன் தன் வான் வண்டியில் ஏற்றிப்போவான். என்னைவிடப் பத்து வயது இளையவன். எங்கள் இரண்டு பேருக்கும் புதன்கிழமை லீவு.

எனக்குக் கலியாணம் நடந்தது நாற்பத்திரண்டு வயதில், திருச்சியில். அங்கே பதினாறு நாட்கள் நின்றேன். வாடகைக்கு எடுத்த வீட்டில் இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து இருபது பேருக்கு மேல். நானும் மனைவியும் தனியாகக் கதைத்தது கோயிலுக்குப் போன ஓட்டோவுக்குள் மட்டும்தான். அதிலும் ஓட்டோக்காரர் இடையில் இடையில் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு அவளைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற அலுவல் முடிய நாலு வருடம் எடுத்தது. கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் "சாப்பிட்டீரோ" என்று நான் கேட்பேன். "சாப்பிட்டீங்களோ" என்று அவள் கேட்பாள். மிச்ச நேரத்துக்கு அங்கே வெயில், இங்கே பனி என்று கதைப்போம்.

போன ஜனவரியில் வந்து இறங்கினாள். இறங்கிய மூன்றாம் நாள் காய்ச்சல். நான் அறையை அவளுக்கு விட்டுவிட்டு ஹோலில் சோபாவில் படுத்தேன். கிழமை ஒன்றில் காய்ச்சல் மாறியது. படுக்கை மாறவில்லை. நாலு மணிக்கு எழும்புகிறவன், உமக்கு நித்திரை குழம்பும் என்று சொன்னேன். அவள் "ஓம்" என்றாள். அந்த ஓமில் சம்மதம் இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. நாற்பத்தாறு வயதில் சொந்த மனைவியிடம் ஒன்றைக் கேட்க வெட்கப்படுகிறவன் நான். அந்த அறைக்குள் போக எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதை அவள்தான், தெரியாமலோ தெரிந்தோ, தந்தாள்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் வேலையால் வந்தபோது, கதவில் கொழுவிப்போகிற விளம்பரத் தாள்களை மேசையில் விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளை அடித்த தடித்த பலகைகளை நெடுக்காக நிறுத்தி, மேலே ஒரு சட்டம் போட்ட ஒரு தலைமாட்டுப் பலகை அதில் இருந்தது.

"இது வடிவாக் கிடக்கு," என்றாள்.

இந்த நாட்டுக்கு வந்து அவள் ஒன்றைப் பார்த்து வடிவு என்று சொன்னது அன்றுதான். எங்களிடம் இருந்ததோ நாலு கால் இரும்புச் சட்டமும் ஒரு மெத்தையும். தலைமாடு, கால்மாடு என்று ஒன்றும் கிடையாது.

"புதன்கிழமை போய்ப் பார்ப்பம்," என்றேன்.

அதற்கு முதல் அறையின் சுவர்களைப் பார்த்தேன். ஒரு சுவரில் யன்னல். அதற்கு எதிர்ச் சுவரில் வாசல். மூன்றாவதில் உடுப்பு அலமாரியின் கதவு. நாலாவது சுவர் வெறுமையாகவும் நீளமாகவும் இருந்தது. அதை ஒரு நூலால் அளந்து, வெட்டி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கடை பக்கத்து நகரமான லவாலில். மன்னார்க்காரன் வானைக் கொண்டுவந்தான். கடைக்குள் தலைமாட்டுப் பலகைகள் கட்டிலே இல்லாமல் சுவர் நெடுகச் சாய்ந்து நின்றன. தோல் மாதிரித் துணி போர்த்திப் பொத்தான் குத்தியவை, இரும்புக் கம்பியில் பூ வளைத்தவை, இப்படிப் பல. அவள் அவற்றைத் திரும்பிப் பார்க்காமல் கடைசி வரிசைக்குப் போனாள்.

மன்னார்க்காரன் சிரிக்கத் தொடங்கினான்.

"அண்ணை, உது வேலிப் படலையெல்லோ! ஊரிலை படலையைச் சாத்திப்போட்டு ஓடிவந்த ஆக்கள் நாங்கள். இஞ்சை அதை வாங்கித் தலைமாட்டிலை பூட்டப்போறியளோ?"

"சத்தம் போடாதை. ஆக்கள் பாக்கினம்," என்றேன்.

"படலையெண்டாலும் நல்ல மரம்," என்றாள் மனைவி, விரலால் தட்டிப் பார்த்தபடி.

கடைப் பெண் வந்து பிரெஞ்சில் ஏதோ விளக்கினாள். போன்ஜூரும் மெர்சியும் தாண்டினால் எனக்கு வேலையிடத்துச் சொற்கள்தான் தெரியும். மன்னார்க்காரன் கேட்டுச் சொன்னான்.

"பண்ணை வீட்டு ஸ்டைலாம், அக்கா."

"என்ன பண்ணை? கோழிப்பண்ணையோ?" என்று அவள் கேட்டாள். அவள் பகிடி விட்டு நான் கேட்டது அதுவே முதல் தடவை. சிரிப்பதற்குள் அவள் அடுத்த பலகைக்குப் போய்விட்டாள்.

அந்த ஸ்டைலில் இரண்டு இருந்தன. ஒன்றில் பலகைகளுக்கு மேலே குறுக்காக இரண்டு சட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. எனக்கு அது உறுதியாகத் தெரிந்தது. அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"இது வேண்டாம். கணக்கு வாத்தியார் பிழையெண்டு வெட்டிவிட்ட மாதிரிக் கிடக்கு. ஒவ்வொரு நாளும் உதுக்குக் கீழையோ படுக்கிறது?"

மற்றதில் ஒன்பது பலகைகள், வெறும் நெடுக்கு. மரத்தின் கண்கள் பெயின்ற்றுக்கு ஊடாகத் தெரிந்தன. அதே மாதிரியில் சின்னதும் பெரியதும் இருந்தன. நான் நூலை எடுத்துப் பிடித்தேன். கடைப் பெண் சிரிக்காமல் மற்றத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். பெரியதை எடுப்போம் என்றேன்.

"எங்கடை மெத்தை உவ்வளவு அகலமில்லையே," என்றாள் மனைவி.

"சுவர் பெரிசு," என்றேன்.

இரண்டு பேருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, பலகையின் மேல்விளிம்பில் தூசு இருக்கிறதா என்று தடவினாள். பெரியதையே எடுத்தோம்.

வீட்டில் கொண்டுவந்து மன்னார்க்காரன் சுவரில் துளை போடத் தயாரானபோதுதான் அவள் கேட்டாள்.

"அந்தச் சுவர் என்ன திசை?"

எங்கள் ஆட்கள் வடக்கே தலை வைத்துப் படுப்பதில்லை. செத்தவரைத்தான் அப்படிக் கிடத்துவது என்பார்கள். அதனால் அவள் கேட்டது எனக்குப் புதினமாகப் படவில்லை.

"கிழக்கு," என்றேன்.

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம். ஜோன்-தலோன் தெருவிலை கிழக்கு, மேற்கெண்டு பலகையிலையே எழுதிக் கிடக்கு. எங்கடை தெருவும் அதோடை நேராத்தான் போகுது."

"வேதக்காரர் எங்களுக்கெண்டால் உந்தத் திசைக் கரைச்சல் ஒண்டுமில்லை," என்றான் மன்னார்க்காரன். "செபம் சொல்லிப்போட்டு எங்கையும் படுப்பம்."

அவள் யன்னலை ஒருதரம் பார்த்தாள். தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள். ஆறு ஆணி முறுக்கியதும் பலகை அசையாமல் நின்றது. மெத்தையை அதற்குக் கீழே இழுத்து வைத்தோம். நான் வாங்கி வைத்திருந்த இரண்டு புதுத் தலையணைகளைப் பலகையோடு சாய்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையிராது என்று நினைத்தேன்.

மன்னார்க்காரனை வான் வரைக்கும் விட்டுவிட்டு மேலே வந்தேன். ஒரு தலையணை நான் வைத்த இடத்தில் இருந்தது. மற்றது கால்மாட்டில் இருந்தது.

வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். அவள் அப்படிப் படுத்தால் அவளுடைய கால் என் தலைக்குப் பக்கத்தில் வரும். புருசன்காரனின் தலைப்பக்கம் கால் நீட்டிப் படுக்கிற பெண் அல்ல அவள். அப்படியானால் நான் அங்கே படுக்கப்போவதில்லை என்று அவள் முடிவெடுத்துவிட்டாள். வாயால் சொல்லாமல் தலையணையால் சொல்லியிருக்கிறாள். என் கணக்கு அப்படித்தான் ஓடியது. அன்றைக்கும் சோபாவில் படுத்தேன்.

மூன்று கிழமை அப்படியே போனது. அவள் சமைத்தாள், நான் சாப்பிட்டேன், இரண்டு பேரும் ரிவி பார்த்தோம். வானுக்குள் மன்னார்க்காரன் கேட்பான்.

"என்ன அண்ணை, படலை திறந்துதோ?"

நான் றோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

"திறக்கேல்லையெண்டால் தட்டுங்கோவன். கைக்கென்ன வாதமோ?"

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை பகல், துளைபோடும் மெசினை எடுத்துப்போக அவன் வந்தான். அது படுக்கையறை மூலையில் கிடந்தது. எடுக்கப் போனவன் உள்ளே நின்றே சத்தம் போட்டான்.

"அக்கா, இதென்ன கூத்து? தலையணி கால்மாட்டிலை கிடக்கு. உவ்வளவு பாடுபட்டுப் பூட்டின படலைக்குக் காலைக் குடுத்தோ படுக்கிறியள்?"

நான் ஹோலிலேயே நின்றேன். அவள் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பின்னை? வடக்கை தலை வைச்சுப் படுக்கச் சொல்லுறீரோ?"

"அண்ணை கிழக்கெண்டெல்லோ சொன்னவர்!"

"அவர் சொல்லுவார். சூரியன் இந்த நாட்டிலையும் கிழக்காலைதானே எழும்பும்? வந்த நாளிலையிருந்து பாக்கிறன். உந்த யன்னலுக்கு நேரைதான் விடியிறது. அப்ப யன்னல் கிழக்கு. நீங்கள் பலகை அடிச்ச சுவர் வடக்கு."

அவன் என்னைப் பார்த்தான். நான் யன்னலைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடமாக நான் தெற்கு என்று சொல்லிவந்த யன்னல் அது.

"அண்ணை," என்றான், "நீங்கள் இந்த வீட்டிலை விடியிறதை ஒருநாளும் பாக்கேல்லையோ?"

பார்க்கவில்லை. விடியமுன் போகிறவன். புதன்கிழமைகளில் எட்டு மணி வரைக்கும் படுப்பேன். காய்ச்சலுக்குப் பிறகு படுப்பதும் ஹோலில். ஹோல் யன்னல் மற்றப் பக்கம்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே," என்றேன் அவளிடம்.

"பன்ரண்டு வருசம் இருக்கிற ஆளுக்கு, வந்து மூண்டு மாசத்திலை நான் திசை காட்டுறதோ? அதுவும் வேறை ஆளுக்கு முன்னாலை?" பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள். "உங்கடை தலையணியை நான் தொடேல்லை. நீங்கள் எந்தப் பக்கம் எண்டு நீங்கள்தான் சொல்லவேணுமெண்டு இருந்தன். நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை."

மன்னார்க்காரன் மெசினைத் தூக்கிக்கொண்டு, தனக்குக் குசினியில் தண்ணி குடிக்க வேண்டும் என்று போய்விட்டான்.

அடுத்த புதன்கிழமை அவள் என்னை வெள்ளென எழுப்பினாள். யன்னலடியில் நின்றோம். பின் ஒழுங்கைக்கு அப்பால் கூரைகளுக்கு மேலே சூரியன் வந்தது. நேராக அல்ல, இடப்பக்கம் சரிந்து.

"தை மாசம் நேரை வந்தது. இப்ப நகந்துபோட்டுது," என்றாள்.

பின்னர் வேலையிடத்தில் ஒரு வயதான கிரேக்கர் எனக்கு விளங்கப்படுத்தினார். இந்த நகரத்தில் ஆறு ஓடுகிற பக்கத்தைக் கிழக்கென்று வைத்துத் திசை சொல்கிறார்களாம். தெருப் பலகையில் உள்ள கிழக்கு, உண்மையான வடகிழக்கு. எங்கள் வீட்டில் எந்தச் சுவரும் எந்தத் திசைக்கும் நேரில்லை. அதன்படி நான் சொன்னதும் பிழை, அவள் சொன்னதும் முழுச் சரியில்லை. இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் பலகை இன்னொருதரம் இடம் மாறும்.

சூரியனைப் பார்த்த அந்தப் புதன்கிழமையே மன்னார்க்காரனைக் கூப்பிட்டேன். பலகையைக் கழற்றி எதிர்ப்பக்கம் கொண்டுபோனோம். அங்கே அலமாரிக் கதவு இருந்தபடியால் இடம் போதவில்லை. அளந்து பார்த்து, இரண்டு கரையிலும் ஒவ்வொரு பலகையாக வாளால் அரிந்து எடுத்தோம். ஒன்பது, ஏழாகியது. மெத்தையின் அகலத்துக்குச் சரியாக வந்தது. அரிந்த கரையில் பெயின்ற் இல்லாமல் மஞ்சள் மரம் தெரிந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றாள்.

அவன் போன பிறகு விரிப்பை மாற்றினாள். இரண்டு தலையணைகளையும் பலகைக்குக் கீழே வைத்தாள்.

"உங்கடை மணிக்கூட்டை எங்கை வைக்கிறது?" என்று கேட்டாள்.

"அது ஹோலிலை கிடக்கட்டும். நாலு மணிக்கு அடிச்சால் நீர் முழிச்சுப்போடுவீர்."

"மூண்டு மாசமா அது ஹோலிலை அடிக்கேக்கை நான் இஞ்சை முழிச்சுக்கொண்டுதான் கிடக்கிறன். நீங்கள் எழும்பி, தேத்தண்ணி குடிச்சு, கதவைச் சாத்திற வரைக்கும் எல்லாம் கேக்கும்."

நான் போய் மணிக்கூட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

இதை எழுதியது 2008ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12ஆம் திகதி, புதன்கிழமை.