ஜெட்டுக்குள் ஒரு நூல்

எங்கள் காரை ஓடவிடாமல் செய்தவர் என் சாச்சா. வாப்பாவின் கூடப் பிறந்த தம்பி. அவர் உயிரோடு இருக்கும்போதே இதை எழுதுகிறேன்.

வியட்நாமில் சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் கைமாறிய பிறகு வாப்பாவின் துணிக்கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மிஞ்சியது வீடும் வாசலில் நின்ற பழைய பிரெஞ்சுக் காரும்தான். எங்களைப் போன்ற காரைக்கால் ஆட்கள் பலர் பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதத்தைக் காட்டி விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். வாப்பாவுக்குப் போக மனமில்லை.

"இது ஓடுற வரைக்கும் நான் எங்கயும் போறதா இல்ல" என்று காரின் கூரையைத் தட்டிச் சொன்னார். கான் ஹொய் துறைமுகத்துக்கும் சந்தைக்கும் ஆள் ஏற்றினார். அதில்தான் எங்கள் சோறு.

கார் ஓடும். நிற்கும்போதுதான் வம்பு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ஜின் இருமிவிட்டு அணைந்துவிடும். பேட்டரியில் உயிர் இல்லை. ஒவ்வொரு தடவையும் முன்னால் கம்பியைப் போட்டுச் சுற்ற வேண்டும். பெட்ரோலை அளந்து கொடுத்த காலம் அது. நின்ற இடத்தில் உறுமவிட்டு வீணாக்க முடியாது.

கிடைத்த பெட்ரோலிலும் தூசு. துணி வியாபாரிக்கு எல்லாவற்றுக்கும் துணிதான் மருந்து. கடையிலிருந்து காப்பாற்றி வைத்திருந்த புது மல் துணியில் வடிகட்டித்தான் வாப்பா டாங்கியில் ஊற்றுவார்.

சாச்சா முன்பு கராஜில் வேலை பார்த்தவர். கார்புரேட்டரைக் கழற்றி, ஊசித்துளை போட்ட ஒரு சின்னப் பித்தளைத் துண்டைக் காட்டினார். அதுதான் ஐட்லிங் ஜெட். காலை எடுத்த பிறகு என்ஜினுக்குப் பெட்ரோல் அந்தத் துளை வழியாகத்தான் போக வேண்டும்.

"நானா, ஒங்க துணிலேருந்து நூல் உதிருது. அதுதான் போய் அடைச்சிக்கிது" என்றார் அண்ணனிடம்.

"மெட்ராஸ் மல்லுடா அது. உதிராது."

"மெட்ராஸ்ல அத சட்டை தைக்க நெய்யிறாங்க. எஸான்ஸ் வடிகட்ட இல்ல."

பெட்ரோலை எங்கள் வீட்டில் எஸான்ஸ் என்றுதான் சொல்வோம். உம்மா சிரித்துவிட்டார். வாப்பா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் உம்மா அந்தத் துணியை வேகவைத்துக் கஞ்சி போக அலசிக் கொடுத்தார். கார் ஒழுங்காக நின்றது, ஒழுங்காக ஓடியது. வாப்பா விசிலடித்தார். பிறகு பழைய வியாதி திரும்ப வந்தது. சாச்சா கழற்றி ஊதுவார், சரியாகும், மறுபடியும் அடைக்கும்.

கடைசியாக ஒரு நாள் காலை. வாசலில் சவாரிக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். சாச்சா என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, ஜெட்டை எடுத்துக்கொண்டு வெயில் விழும் என் பக்கம் வந்தார். ஊதினார். தூக்கிப் பிடித்துப் பார்த்தார். துளையில் வெளிச்சம் எனக்கே தெரிந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்து, எச்சில் தொட்டு முறுக்கி, அதே துளையில் செருகினார்.

"என்னா சாச்சா அது?"

"மருந்து புள்ளே. ஒன் கால் பெடல்லயே இருக்கட்டும், எடுக்காத."

ஜெட்டை மாட்டிவிட்டுக் கம்பியைச் சுற்றினார். நான் மிதித்துக்கொண்டிருந்தேன். என்ஜின் நன்றாக ஓடியது. வாப்பா ஏறினார். நான் காலை எடுக்குமுன் அவர் கால் வந்துவிட்டது.

கான் ஹொய் பாலத்தின் நடுவில் வாப்பா காலை எடுத்ததும் கார் அணைந்தது. பின்னால் வந்தவர்களெல்லாம் திட்டினார்கள். ஏறியிருந்தவர்கள் இறங்கி சைக்கிள் ரிக்‌ஷா பிடித்துப் போய்விட்டார்கள். வாப்பா காரைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்து, கையைக்கூடக் கழுவாமல் சாச்சாவிடம் சொன்னார்.

"பிளேனுக்கு எங்க பேரக் குடுத்துட்டு வா."

சாச்சா உடனே போனார். தன் பெயரைக் கொடுக்கவில்லை. அவர் மனைவி அந்த ஊர்க்காரி. எங்கள் வீட்டில் அவர்கள் குடியேறினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஊர் திரும்பிய வாப்பா காரைக்காலில் யாரோ ஒருவருடைய கடையில் துணி கிழித்துக் கொடுத்தார். மல் துணியைத் தொடும்போதெல்லாம் "இந்தச் சனியன்தான் என்னக் கெடுத்துச்சு" என்பார். அப்படிச் சொல்லிக்கொண்டேதான் செத்தார். அவர் துணியில் குற்றமில்லை. எனக்கு அது தெரிய வெகுகாலம் ஆனது. அன்று நான் பார்த்தது மருந்து என்றே நம்பியிருந்தேன்.

அடுத்த மாதம் என் மகன் நிக்காஹுக்கு சாச்சா வருகிறார். பந்தலில் மைக் இருக்கும். சாச்சா, அந்த நூலைச் செருகியது எங்களைக் காப்பாற்றவா, வீட்டுக்காகவா? என் காதில் சொல்ல வேண்டாம். எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள்.